வழியிலேயே விற்றுப்போன தாய்மாமன் சீர்

போன வருஷம் மே மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பட்டிக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், கொடைக்கானல் போகிற ரோட்டோரத்தில் எனக்கு ஒரு சின்னப் பழக்கடை. சீசன் வந்துவிட்டால் எங்கள் ரோட்டில் உள்ளூர்க்காரன் வண்டி ஓட்ட முடியாது. மலையில் கூட்டம் ஏறினால் கீழே எங்கள் சந்தையில் தக்காளி விலையும் ஏறிவிடும். ஊரே கார்க்காரர்களைத் திட்டும், நான் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். வண்டி நகராமல் நின்றால்தானே கண்ணாடியை இறக்குவார்கள்? கண்ணாடி இறங்கினால்தானே என் மாம்பழம் போகும்? ஜாம் ஆகணும் சாமி என்று கும்பிட்டுவிட்டுக் கடை திறக்கிற ஆள் நான்.

அன்றைக்கு என் அக்கா மகளுக்குச் செம்பட்டி மண்டபத்தில் காதுகுத்து. நான்தான் ஒரே தாய்மாமன், என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நேரம். என் மனைவி விடியும்போதே பட்டுப்பாவாடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். “தோடும் பழக்கூடையும் ஒங்ககிட்டதான் இருக்கு. கடையிலயே ஒக்காந்துறாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சீசன் ஞாயிறாயிற்றே, எட்டரை வரைக்கும் மட்டும் விற்போம் என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது ஒன்பதேகால்.

கூடையை மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினால் ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை, ரோடு மொத்தமும் அடைத்துக் கிடக்கிறது. ஓரத்து மண்ணிலும் கார்களைச் செருகி வைத்திருந்தார்கள். மொபெட்டைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கண்ணாடிகள் இறங்க ஆரம்பித்தன. “அண்ணா, பழம் என்ன விலை?”

முதல் நாலு கார்களுக்கும் இது சீர், விற்பதில்லை என்றேன். ஐந்தாவது காரில் ஒரு குழந்தை பசியில் வீறிட்டு அழுதது. மனசு கேட்கவில்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தேன். அந்தம்மா நோட்டை நீட்ட, பழகின கை வாங்கிவிட்டது. அப்புறம் அந்தக் கை என் பேச்சைக் கேட்கவே இல்லை. அடுத்த காருக்குச் சாத்துக்குடி, அதற்கடுத்த வேனுக்கு ஆப்பிள். “நம்ம தோட்டத்துல நேத்துப் பறிச்சதுங்க” என்றுகூடச் சொன்னேன். ஆப்பிளைத்தான் சொன்னேன். போகப்போக நடை வேகமானது. உடம்பில் தெம்பு வந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன், கூடை காலியானது உறைக்கவே இல்லை.

மண்டபத்துக்குள் ஓடியபோது பத்து இருபத்தைந்து. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நேரம் போகிறதே என்று அத்தான் வழிச் சொந்தத்தில் ஒருத்தரை உட்கார வைத்து, பிள்ளையை அவர் மடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் நாத்தனார் என் கூடையை எட்டிப் பார்த்தார். உள்ளே நாலு சாத்துக்குடி, ஒரு தேங்காய்.

“தாய்மாமன் சீரு இம்புட்டுத்தானா?”

“வர்ற வழியில வித்துட்டேன்” என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். மண்டபமே சிரித்தது. என் மனைவி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, பிள்ளையை மடியில் கொடுத்தாள். சட்டைப் பையிலிருந்து தோட்டை எடுத்துக் கொடுத்தேன். நல்லவேளை, அதை யாரும் விலை கேட்கவில்லை.

குத்தி முடித்துப் பிள்ளை அழுது ஓய்ந்ததும் அக்கா பக்கத்தில் வந்தாள். “சீரு கெடக்கு, விடுடா. இவ காதைப் பிடிக்கக்கூட நீ வரமாட்டியோன்னு அந்தா அந்த அறைக்குள்ள போயி அழுதுட்டு வந்தேன்.” அவ்வளவு பேர் சிரித்தபோது வராத வெட்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

பிழைப்பு அதுதான், இந்த சீசனிலும் அதே இடத்தில்தான் கடை. ஆனால் கடைக்கு வருகிற கார்களை ரோட்டை விட்டு உள்ளே தள்ளி நிறுத்தச் சொல்கிறேன். வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டால், அதற்குள்ளே எங்கள் ஊர்க்காரன் எவனோ ஒருத்தன் சிக்கிக்கொண்டிருப்பான், அவனுக்காக ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்பாள் என்றுதான் இப்போதெல்லாம் முதலில் தோன்றுகிறது.