டாக்டர் மாற்றி எழுதிய கேள்வி

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய படிவம் கிடக்கிறது. ‘பிள்ளைகள் எத்தனை பேர்?’ என்ற அச்சு வரியை நீலப் பேனாவால் அடித்து, மேலே ‘எத்தனை பிரசவம்?’ என்று எழுதியிருக்கிறது. கோழி கிளறியது போன்ற அந்தக் கையெழுத்து எங்கள் டாக்டருடையது. இருபது வருஷமாக ரத்த வங்கியில் குழாய்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். அந்த ஒரு வரி செய்த வேலையை எங்கள் இயந்திரம் எதுவும் செய்ததில்லை.

டாக்டர் என்னைவிட இளையவர். ‘அண்ணே, அண்ணே’ என்று கூப்பிட்டே என் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டார். அவருடைய ஆராய்ச்சி பம்பாய் ரத்த வகையைப் பற்றியது. மேலோட்டமான சோதனையில் அது ‘ஓ’ என்றுதான் காட்டும். நம்பி ‘ஓ’ ரத்தத்தை ஏற்றினால் ஆளையே கொன்றுவிடும். மிக அரிதான வகை. சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்த குடும்பங்களில் கொஞ்சம் கூடுதலாகத் தென்படும். அதனால்தான் மீன் வைக்கிற ஐஸ் பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு ரப்பர்த் தோட்டம் தோட்டமாக ரத்த மாதிரி எடுக்க அலைந்தோம். திகாம் பத்து என்ற ஊரில் ஒரு பாட்டாளி, “ஒடம்புல ரத்தமே இல்லலா, இதுல ஒங்களுக்கு வேறயா?” என்று எகிறினார். ஏச்சு வாங்கியது டாக்டர் இல்லை, நான்.

கரங்கான் ஊரிலிருந்து ஒரு பெண் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தது. மூன்று நாளில் அறுவை சிகிச்சை; ரத்தம் கைவசம் இல்லாமல் கத்தியைத் தொட முடியாது. அவள் அட்டையில் ‘ஓ’ என்று இருந்தது. இருந்த ‘ஓ’ பைகளை ஒவ்வொன்றாக அவள் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தேன். எல்லாம் கட்டிதட்டின, ஒன்றும் சேரவில்லை. சோதனை மருந்துதான் கெட்டுவிட்டது என்று திட்டித் தீர்த்தேன். டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அண்ணே, நாம தேடுனது இதத்தான்” என்றார். குரலில் சந்தோஷமே இல்லை.

அந்த ரத்தம் வேறு எங்கும் கிடைக்கவில்லை. கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இருந்தால்தான் உண்டு. பெண்ணின் தம்பியைச் சோதித்தோம், அவனுடையதும் கட்டிதட்டியது. அவர்களுடைய தாய் தன் தாய்மாமனைக் கட்டியவர். “ரெண்டே புள்ளதான் டாக்டர்” என்று அவர் மறுபடி மறுபடி சொன்னார். எனக்கோ எரிச்சல். “ரெண்டுன்னா ரெண்டுதான், எத்தன வாட்டி கேப்பீங்க?” என்று டாக்டரிடமே சீறினேன். டாக்டர் அந்த அம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “புள்ள எத்தனன்னு கேக்கலக்கா. பிரசவம் எத்தன?” என்றார்.

அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டார். அதற்குள்ளிருந்தே, “மூணு” என்றார்.

மூத்தது ஆண் பிள்ளை. செமிலிங்கில் பிள்ளையில்லாத தன் அக்காவுக்குப் பச்சைக் குழந்தையாகவே கொடுத்துவிட்டார். இனி இவன் என் பிள்ளை இல்லை, யாரிடமும் வாய் திறக்கமாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம். அவர் பொய் சொல்லவில்லை. கொடுத்த பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் எங்கள் சனத்துக்கு இல்லை. என் சொந்த அத்தையே ஒன்றைக் கொடுத்தவர். எனக்கு அது தோன்றவில்லையே என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. டாக்டர் அங்கேயே பேனாவை எடுத்து வரியை அடித்தார்.

அம்மாள் அக்காவுக்குப் போன் போட்டார். “சத்தியத்த மீறிட்டேன்கா” என்று அழுதார். அந்தப் பக்கத்திலிருந்து, “புள்ள உசுரு பெருசா, சத்தியம் பெருசா? நானே அவன்கிட்ட சொல்லி அனுப்புறேன்” என்ற பதில் எங்களுக்கே கேட்டது.

அந்த மூத்த பிள்ளை லாரியை வாசலில் நிறுத்திவிட்டு வேலைச் சட்டையோடே வந்தான். அவன் ரத்தத்தை அவள் ரத்தத்தோடு சேர்த்துக் குழாயைச் சாய்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு கட்டி இல்லை! “டாக்டர்!” என்று நான் போட்ட கூச்சலில் வார்டே எட்டிப் பார்த்தது. டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டிக்கொண்டு குதித்தார். தானப் படிவத்தில் எழுத, நோயாளி என்ன உறவு என்று கேட்டேன். அவன் பெற்ற தாயைப் பார்த்துக்கொண்டே, “தங்கச்சி. கூடப் பொறந்தவ” என்றான். அந்த ஒரு பை போதுமாக இருந்தது. தங்கச்சியும் பிழைத்தாள், அவள் பெற்ற பெண் குழந்தையும் பிழைத்தது.

இப்போது டாக்டரின் படிவங்களில் அந்தக் கேள்விதான் அச்சாகிறது. அதைக் கேட்டுக் கேட்டே இன்னும் சிலரைக் கண்டுபிடித்தோம், கூப்பிட்டால் ஓடிவருகிறார்கள். போன மாதம் கரங்கானில் நடந்த ரத்தச் சோதனைக்கு அந்த அம்மாளும் வந்தார், அக்காவோடு. தெரிந்தவர்தான், இருந்தாலும் கேட்டேன்.

“எத்தன பிரசவம்கா?”

“மூணு.”

நான் எழுதி முடிப்பதற்குள் செமிலிங் அக்கா என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். “புள்ளயும் மூணுதான் தம்பி. அதையும் பக்கத்துல எழுதுங்க.”