சிரட்டையில் வார்த்த தேத்தண்ணி

கனடா போகிறேன் என்று புறப்பட்ட என் கணவர் பாங்கொக்கில் ஒன்றரை வருடம் மாட்டுப்பட்டு, ஏஜென்சிக்காரன் கைவிட்ட பிறகு கோப்பாய்க்குத் திரும்பி வந்தார். வந்து இரண்டு மாதத்தில் என் வாய்க்குள் புண் கிளம்பியது. உதட்டின் உட்புறம், நாக்கின் அடி, கடைவாய் என்று ஒன்று ஆற ஒன்று வந்தது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாலே உயிர் போனது.

எயிட்ஸ் என்ற சொல் பத்திரிகை வழியாக எங்கள் ஒழுங்கைக்குள்ளும் அப்போது வந்திருந்தது. வாயில் புண் வரும், உடம்பு மெலியும் என்று அதில் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சண்டைக்காலப் பொருளாதாரத் தடையில் ஊரே மெலிந்துதான் கிடந்தது. ஆனாலும் பயந்தேன். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்காத குறை.

மாமிக்கு அந்தப் பயம் என்னைவிட வேகமாகப் பிடித்தது. நான் குடிக்கிற பேணியை ஒளித்துவிட்டு, கூலியாட்களைக் கிணற்றடியில் எட்ட நிறுத்திக் கொடுக்கிற சிரட்டையில் எனக்குத் தேத்தண்ணி வார்த்தார். பாங்கொக்கில் இருந்துவிட்டு வந்தது தன் மகன் என்பது மாமிக்கு மறந்தே போயிற்று. மகன் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"நான் இல்லாத காலத்திலை இஞ்சை ஆர் வந்து போனது?"

அந்தக் கணமே அவரை வெறுத்தேன்.

யாழ்ப்பாணத்தில் வயதான டொக்டர் ஒருவரிடம் நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் என் வாயைப் பார்த்து, சத்துக் குறைவாக இருக்கும் என்று விட்டமின் குளிசை தந்தார்.

"புண்ணைப் பார்த்து அந்த வருத்தமெண்டு சொல்லேலாது, பிள்ளை. சந்தேகமெண்டா கொழும்பிலை இரத்தம் சோதிக்கலாம். முதல்லை தம்பி குடுக்கட்டும்."

கணவரின் முகம் வெளிறிப்போனது. வெளியே வந்ததும், நேவி சுடுகிற கிளாலிக் கடலால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு யார் போவது என்றார். புது ஏஜென்சிக்காரனைத் தேடி முந்தின மாதம்தான் அதே கடலால் கொழும்புக்குப் போய்வந்தவர்.

குளிசையும் முருங்கையிலையும் சேர்ந்து புண்ணை ஆற்றிவிட்டன. மாமி என் பேணியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். எனக்கோ பயம் ஆறவில்லை. இரத்தம் கொடுக்கச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் கணவர் எழும்பிப் போனார்.

ஒரு நாள் பின்னேரம் மாமிக்குப் பேணியிலும் அவருக்கு அந்தச் சிரட்டையிலும் தேத்தண்ணி வார்த்து முன்னால் வைத்தேன். மாமி சிரட்டையைப் பார்த்துவிட்டுத் தன் பேணியைக் கையில் எடுத்தார். மகன் கத்தவேண்டும், அதைத் தூக்கி என் முகத்தில் எறியவேண்டும் என்று உள்ளுக்குள் மன்றாடிக்கொண்டு நின்றேன். எறிந்திருந்தால் அவரிடம் பிழையில்லை என்று நிம்மதி அடைந்திருப்பேன். அவர் இரண்டு கையாலும் அதை எடுத்து, என்னை நிமிர்ந்து பார்க்காமலே குடித்து முடித்தார்.