சதுரங்கப்பட்டினத்தில் செத்த எதிரிச் சிப்பாய்

போர்ப் படம் என்றால் எனக்குப் பைத்தியம். அதற்கு வெட்கப்படுகிற ஆள் நான் இல்லை. 1973-ல் செங்கல்பட்டுக்கு மாற்றலாகி வந்தபோது, எல்லைச் சண்டையை வைத்து எடுத்த ஒரு தமிழ்ப் படத்தை நாலு தடவை பார்த்து முடித்திருந்தேன். எதிரிகள் பிடித்து வைத்திருக்கும் கோட்டையை நம் சிப்பாய்கள் மீட்பார்கள். தோற்றவர்கள் படகேறித் தப்பக் கடலுக்கு ஓடும்போது கதாநாயகன் சுட்டுத் தள்ளுவான். விசில் சத்தத்தில் காது கிழியும். அந்தக் கோட்டை சதுரங்கப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேனா? அடுத்த ஞாயிறே கிளம்பிவிட்டேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் பதினாலு கிலோமீட்டர். அங்கே பஸ் மாறிக் கடற்கரை வரைக்கும் போக வேண்டும். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்தது. கோட்டையைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் சுவர் பாதி இடிந்து கிடந்தது. உள்ளே முள்செடி, நாலைந்து ஆடுகள். திரையில் மலை மாதிரி தெரிந்த சுவரா இது என்று எரிச்சலாக வந்தது.

சுவர் நிழலில் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பெயர் ஏகாம்பரம், மீன் வேன் ஓட்டுகிறவர்.

“இன்னா சார், சினிமா எடுத்த கோட்டையப் பாக்க வந்தியா?”

ஆமாம், எனக்கு உயிரான படம், நாலு தடவை பார்த்திருக்கிறேன் என்றேன். பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

“எங்க அக்கா வூட்டுக்காரரும் அதுல கீறாரு சார். குப்பத்து ஆளுங்க அத்தினி பேருக்கும் எதிரி வேசம்.”

அந்த மாமா பெயர் கன்னியப்பன். படப்பிடிப்பு முடிந்த சில மாதத்தில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை. இப்போது படம் திருக்கழுக்குன்றம் டூரிங் கொட்டகைக்கு வந்திருக்கிறது, அன்றோடு தூக்கிவிடுகிறார்கள். புருஷன் முகத்தை ஒரு தரம் பார்த்தே தீருவேன் என்று அக்கா தனம் ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

“எல்லாருக்கும் தாடிய ஒட்டி, தொப்பியக் கவுத்துட்டாங்களாம். யாரு எவருன்னே தெரியாதாம். நீ நாலு வாட்டி பாத்தவன். எங்ககூட வந்து, சீன் வரும்போது சொல்லு சார்.” பிறகு குரலைத் தணித்தார். “அவர சுட்டுக் கொல்றாங்கன்னு அக்காகிட்ட இன்னும் சொல்லல.”

சாயங்காலம் மீன் வேனில் போனோம். காலிக் கூடைகளுக்கு நடுவே எனக்கு இடம். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். கொட்டகையில் மணல் தரையில் தனம் எனக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

“அவரு எப்ப சார் வருவாரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இன்னும் நேரம் இருக்கும்மா.” எனக்கு எதற்கு இந்த வேலை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசியில் அந்தக் காட்சி வந்தது. “இப்போ பாருங்க” என்றேன். தாடியும் தொப்பியுமாக ஒரு கும்பல் கடலை நோக்கி ஓடியது. ஒருவன் மட்டும் அலை ஓரத்தில் நின்று, குனிந்து, தண்ணீரைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு இறங்கினான். நாலு தடவையும் குண்டுக்குப் பயந்து குனிகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“தோ! தோ, அவருதான்!” என்று கத்தினார் தனம்.

கடலில் கால் வைக்கும் முன் அப்படிக் கும்பிடுவது குப்பத்து வழக்கமாம். எதிரி வேஷத்திலும் அவர் கை அதை மறக்கவில்லை. படம் எடுத்தவர்கள் கவனிக்கவே இல்லை போல. அடுத்த நொடி துப்பாக்கி வெடித்தது. திரும்பி, மல்லாந்து விழுந்தார். தொப்பி கழன்று முகம் தெரிந்தது. கொட்டகை முழுக்க விசில்.

தனம் எழுந்து நின்றார். “இன்னாத்துக்குடா விசிலு? அவரு நம்மாளுடா!”

“உக்காரும்மா, மறைக்குது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அவர் உட்காரவில்லை. ஏகாம்பரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் எழுந்து நின்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

படம் முடிந்து தேசிய கீதம் போட்டார்கள். விசிலடித்த கூட்டம் பஸ்ஸைப் பிடிக்க முண்டியடித்து ஓடியது. தனம் மட்டும் கடைசி வரி வரைக்கும் அசையாமல் நின்றார்.

“வுழும்போது மூஞ்சி தெரிஞ்சிச்சி சார்” என்றார் வெளியே வந்ததும். “அது போதும்.”

இப்போது கோட்டைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை மணிக்குள் போய்விடலாம். கோட்டையில் நிழல் குறைவு, காலையிலேயே போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், அலை இழுக்கும்.

இன்றைக்கும் என் மனசுக்குப் பிடித்த போர்ப் படம் அதுதான். ஆனால் அதில் எதிரி யார் என்று பேரன் கேட்டபோது, தனம் எழுந்து நின்ற கதையைத்தான் சொன்னேன்.