ஏட்டைத் தோற்கடித்த மனமகிழ் மன்றம்

கூட்டேரிப்பட்டு தையல்நாயகிக்கு, கூலிக்கு மல்லாட்டை என்கிற நிலக்கடலை உடைத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் வளையப்பந்துதான். 1984-இல் டெல்லியிலிருந்த ஒரு தேசிய சங்கம், கிராமங்களில் பொழுதுபோக்கு வளரட்டும் என்று அவளுக்கு வலையும், அதற்கு மேலே வீசிப் பிடிக்கும் ரப்பர் வளையமும் அனுப்பியது. பெயர்ப்பலகை வைக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பெயரையும் அவர்களே தமிழ்ப்படுத்தி அனுப்பினார்கள்: 'மகளிர் மனமகிழ் மன்றம்'.

நம் பக்கத்தில் மனமகிழ் மன்றம் என்றால் சீட்டாட்டம். டெல்லிக்கு அது எப்படித் தெரியும்? பலகை ஏறிய அன்றே அவளோடு ஆடிய பெண்களை வீட்டில் அடைத்துவிட்டார்கள். ஆள் இல்லாமல் ஏது ஆட்டம்? தையல்நாயகி தவித்துப்போனாள்.

மறுநாள் ஏட்டு கிருஷ்ணசாமி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பொம்பளைங்கல்லாம் சீட்டாடிக்கினு கீறீங்களாமே! கட்டு எங்க?"

"கட்டெல்லாம் இல்லீங்க ஏட்டய்யா. வளையந்தான் கீது. புடிங்க, பாப்போம்."

முதல் வீச்சிலேயே அவர் தொப்பி பறந்தது. வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. இருபத்தொன்றுக்கு மூன்று என்று ஏட்டு தோற்றார்.

"லத்தி புடிச்ச கையில வளையம் நிக்க மாட்டேங்குது," என்று மூச்சு வாங்கினார். "நாளைக்கும் வர்றேன். ஆளுங்கள சேத்து வையி."

போலீஸே ஆள் சேர்க்கச் சொன்னபிறகு யார் தடுப்பது? மாமியார்களே மருமகள்களை அனுப்பிவைத்தார்கள். ஏட்டு தோற்பதைப் பார்க்கத் தாங்களும் கூடவே வந்தார்கள்.