யோரோவின் மதிய நடை

டக்கார் நகரத்தில் துணிக் கிடங்குக் காவல்காரன் யோரோ. பெண்டாட்டி பிள்ளைகள் தூரத்து ஊரில். ஆனாலும் மதியத்துக்கென்று அவன் அடுப்பு மூட்டியதே இல்லை. மீன்சோற்றுத் தாம்பாளத்தை நடுவில் வைத்துவிட்டால் வழியில் போகிறவனையும் கூப்பிட்டு உட்காரவைக்கிற தெரு அது.

"அண்ணே, சீக்கிரம் வா! அப்புறம் முள்ளுதான் மிஞ்சும்!" என்று எதிர்வீட்டு யாசின் கத்துவாள்.

இந்த வருஷம் கப்பலில் வருகிற நொய்யரிசி யானை விலை விற்றது. இரவில்கூடச் சாத்தாத கதவுகளை மதியத்தில் சாத்தினார்கள். யார்மேல் கோபப்படுவது? எங்கோ விளைகிற அரிசி, எவனோ வைக்கிற விலை. தன்னை நினைத்து யாரும் கதவைச் சாத்த வேண்டாமென்று, சோற்று வேளையில் யோரோ கடற்கரைப் பக்கம் நடந்துவிடுவான்.

ஒருநாள் மழை பிடித்துக்கொள்ள, பாதியில் திரும்பினான். யாசின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பிள்ளைகளோடு தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவள், அவனைக் கண்டதும் கையை நிறுத்தினாள்.

"சாப்டாச்சா அண்ணே?"

வா என்றுதான் கூப்பிடுவாள். இப்படி அவள் கேட்டதே இல்லை.

"வயிறு முட்ட ஆச்சு தங்கச்சி," என்றான்.

போன வருஷமாயிருந்தால், பொய் சொல்லாதே என்று கையைப் பிடித்து இழுத்திருப்பாள். இன்று உடனே நம்பிவிட்டாள்.