ஒரு காதுக்கு எதற்கு ரெண்டு பெட்டி

சோமனூர் தறிக்குடோனில் சென்னகிருஷ்ணன் பதினெட்டு வருஷமாக ஒரே தறியில் நின்றார். ஊடை நூலைக் கொண்டு பறக்கிற நாடா வந்து மோதுகிற முனை அவருடைய இடது கைப்பக்கம். அந்தச் சத்தத்தில் இடது காது முக்கால்வாசி போய்விட்டது. யார் கூப்பிட்டாலும் வலது பக்கம்தான் திரும்புவார். குடோனில் அதை வைத்துத் தினமும் கேலி.

1966-இல் கோயமுத்தூரில் ஒரு மில் இன்ஜினியர் வீட்டைக் காலி செய்தார். அவருடைய ஸ்டீரியோ செட்டைத் தீபாவளி போனஸை அப்படியே கொடுத்து வாங்கி வந்தார் சென்னகிருஷ்ணன். ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. ஸ்டாண்டுகளை வேறு யாரோ முன்பே கொண்டுபோயிருந்தார்கள். பெட்டிகளைத் தரையில் வைத்தால் பாட்டு பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

மனைவி அம்புஜத்தின் அண்ணன் சீனிவாசலு, கல்யாணத்துக்கு மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். வந்து பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, ஸ்பீக்கரை ஊட்டுக்குள்ள வெச்சு என்னங்க பண்றது? வாசல் விட்டத்துல கட்டி ரோட்டைப் பாத்துத் திருப்பி உடுங்க. ஊரே கேக்கட்டும்."

"ஊர் கேக்கறதுக்கு இல்லீங்க மச்சான். நான் கேக்கறதுக்கு."

"ஒரு காதுக்கு எதுக்குங்க ரெண்டு பெட்டி?" என்று சிரித்தார் சீனிவாசலு. "கண்ணைக் கட்டிக்குங்க. பாடற பொம்பளை எந்தப் பக்கம் நிக்கறான்னு கை காட்டுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாக் காட்டிப்போட்டா நான் வாயே தொறக்கலை. இல்லீன்னா செட்டு எனக்கு."

"சரிங்க" என்றார் சென்னகிருஷ்ணன். அடுப்படியில் அம்புஜம் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் குடோனில் ஓரமாய்க் கிடந்த பாவு நூல் சுற்றுகிற பழைய பீம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் வட்டத் தகடு. பட்டறையில் நடுவே அறுத்தார்கள். தகடு தரையில் உட்கார, குழாய் நிமிர்ந்து நின்றது. ஒரே பீமில் இரண்டு ஸ்டாண்டு. பக்கத்துக் குடோன் ஓடினால் வீட்டுத் தரையே அதிரும். அதனால் குழாய்க்குள் நொய்யல் மணலைக் கொட்டி இடித்து நிரப்பினார். மேலே பலகை, அதன்மேல் பெட்டி. நாற்காலியில் உட்கார்ந்தால் காதுக்கு நேராக வந்தது.

செட்டோடு வந்த தாளில் ஒரு படம் இருந்தது. இரண்டு பெட்டியும் நாற்காலிக்குச் சமதூரம். நூல் கட்டி அளந்து அப்படியே வைத்தார். கூடவே வந்த ரெக்கார்டில் பாடுகிற பெண், தாளில் போட்டபடி, நடுவில் நிற்க வேண்டும். கண்ணை மூடிக் கை நீட்டினால் விரல் வலது பெட்டியைக் காட்டியது. தினமும் அதேதான். சத்தத்தைப் பக்கம் மாற்றும் திருகு இன்ஜினியர் வீட்டிலேயே உடைந்து போயிருந்தது.

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்து அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். இதை வரைந்தவனுக்கு இரண்டு காதும் நன்றாக இருந்திருக்கும். அவன் தறியில் நின்றவன் இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு இடது ஸ்டாண்டை நாற்காலிப் பக்கம் ஒரு முழம் இழுத்தார். பிறகு இன்னொரு சாண். வலதைச் சுவரோரம் தள்ளினார். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. பாட்டைப் போட்டார். அந்தப் பெண் மெல்ல நகர்ந்து வந்து நடுச்சுவரில் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சீனிவாசலு தன் துண்டாலேயே மாப்பிள்ளையின் கண்ணைக் கட்டிப் பாட்டைப் போட்டார். சென்னகிருஷ்ணன் கை நீட்டினார். விரல் நடுச்சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டியது.

"குறி வெச்ச மாதிரி காட்டறீங்களே" என்ற சீனிவாசலு, அவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தார். முகம் சுளித்தது. "என்னங்க இது? எனக்கு இடது பக்கமே கத்துது. கோணலா வெச்சுப்போட்டு… இது ஆட்டத்துல சேராதுங்க. கேக்கற யாருக்கும் இது தப்பாத்தான் கேக்கும்."

"ஆமாங்க, எனக்கும் அப்படித்தான்" என்றாள் அம்புஜம் தயங்கி.

"கேக்கட்டுமே" என்றார் சென்னகிருஷ்ணன். "மத்தவங்களுக்குச் சரியாக் கேக்கற பாட்டு எனக்குப் பதினெட்டு வருஷமாத் தப்பாத்தான் கேட்டுது. ஒருத்தராவது என் பக்கம் நகத்தி வெச்சீங்களா மச்சான்? எந்திரிங்க. அது என் நாற்காலி."

சீனிவாசலு எழுந்தார். சென்னகிருஷ்ணன் உட்கார்ந்து, ஊசியை எடுத்து ரெக்கார்டின் ஆரம்பத்தில் வைத்தார்.