நசியாத தேசிக்காய்

காலை ஆறு நாற்பது. கதவைத் திறந்ததும் கண்டது, பனிப்புகாருக்குள் ஒரு வெளிச்ச வட்டம். அக்கா முழங்காலில் நின்று பிக்கப்பின் அடியில் ரோர்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா தேடுறியள்?"

"தேசிக்காய். நாலு வச்சனான். மூண்டுதான் நசிஞ்சு கிடக்கு."

முதல் நாள் பின்னேரம்தான் பூசை. முதியோர் இல்ல வேலையில் அவளுக்கு ஓய்வு கிடைக்காததால், புது ரயர் பூட்டிப் பல நாள் ஓடிய பிறகே அது நடந்தது. கர்ப்பூரம் கொளுத்தி, நான்கு சில்லுகளுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்து, அத்தான் வண்டியை முன்னே நகர்த்தினார். மூன்று இடத்தில் பிளந்த எலுமிச்சைத் தோல் கிடந்தது. முன் இடப்பக்கத்தில் தரை காய்ந்திருந்தது.

அத்தான் கிரின்ஸ்டெட் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிறிஸ்மஸ் மரங்களை ரெயிலரில் இழுப்பவர். பிக்கப் அமெரிக்காவில் செய்த பாரவண்டி. முன்னைய சொந்தக்காரர் அதன் அடியை ஏற்கெனவே உயர்த்தியிருந்தார். ரயர் தேய்ந்தபோது கடைக்கு நானும் போயிருந்தேன். கடைக்காரர் ஸ்ரியறிங்கை முழுதாக வளைத்து, சில்லுக்கும் உட்புறத்துக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். முப்பத்தைந்து அங்குல ரயருக்கு இடம் இருக்கிறது, முப்பத்தேழு போட்டால் வளைக்கும்போது உள்ளே எங்காவது தொடும், வேகமும் மீற்றர் காட்டுவதைவிடக் கூடும் என்றார். பூட்டித் தர மறுத்துவிட்டார்.

"போன வருசம் சேத்துக்குள்ள புதைஞ்ச என்னை எல்லாருக்கும் முன்னால ட்ரக்டர் வந்து இழுத்தது காணும்," என்றார் அத்தான். வேறெங்கோ வாங்கி, கூட வேலை செய்பவரின் கராச்சில் தானே பூட்டினார். விட்டத்தில் இரண்டு அங்குலம் கூடினால் வண்டியின் அடி உயர்வது ஓர் அங்குலம்தான். அந்த ஓர் அங்குலம் அவருக்கு வேண்டியிருந்தது.

அன்று காலை அவர் சாவியோடு வெளியே வந்தார்.

"இஞ்சருங்கோ, அது கிடைக்குமட்டும் வண்டியை எடுக்காதேங்கோ. பூசையை அது ஏற்கேல்லை," என்றாள் அக்கா.

"உந்த ரயரைக் கண்டு பயந்து ஓடியிருக்கும். அடுத்தமுறை பூசணிக்காய் வையும்."

"பகிடி விடாதேங்கோ. பாரம் ஏத்திக்கொண்டு போறது நீங்கள்."

ரயரைக் குனிந்து பார்த்தேன். சேற்றுக்கான ரயர், ரப்பர் கட்டைகளின் நடுவே ஒரு தேசிக்காய் நசியாமல் இருக்கப் போதுமான பள்ளம். பள்ளத்தில் புகுந்து, சுழன்று, எங்காவது தெறித்திருக்கும் என்று அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப எங்கை, தம்பி?"

முற்றத்திலும் வேலி ஓரத்திலும் தேடினோம். இல்லை. அவளுக்காகத்தான் நானும் வண்டியில் ஏறினேன்.

புகார் தரையோடு படிந்திருந்தது. எங்கள் இருக்கை அதற்கு மேலே. எதிரே வந்த கார்கள் தெரியவில்லை. அவற்றின் வெளிச்சம் மட்டும் எங்களுக்குக் கீழே நகர்ந்து போயிற்று. மீற்றர் எழுபது காட்டியது. சாலையோர மரங்கள் அதைவிட வேகமாகப் பின்னே போயின. ஹீற்றரைப் போட்டதும் தேசிக்காய் மணம் வந்தது. அத்தானும் முகர்ந்து பார்த்தார்.

தோட்டத்தில் மரங்களை வலையில் சுற்றி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஆள் உயரம். வேலையாட்கள் இன்னும் வரவில்லை. ரெயிலரில் முதல் நாளே பாரம் ஏற்றியிருந்தது. அதைப் பிக்கப்பின் பின்னால் கொளுவிக்கொண்டு வாசலில் இடப்பக்கம் வளைத்தபோது, அத்தானின் காலடிப் பக்கம், சுவரை உள்ளங்கையால் மெதுவாகத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். நேராக்கியதும் நின்றது.

"முந்தியும் கேட்டதோ?"

"ஓம். புது ரயர், அப்பிடித்தான்."

"இன்னொருக்கா வளையுங்கோ, அத்தான்."

மறுபடி அதே சத்தம். இறங்கி, சில்லுக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தேன். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயை ரயர் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்ட இடத்தில் ரப்பர் போய், உள்ளிருந்த நூல் தெரிந்தது. அத்தான் வந்து விரலால் தடவினார். வாசலுக்கு வெளியே சாலை இறக்கமாக இருந்தது; அதன் அடியில் பெருந்தெரு.

"உன்ரை அக்காவுக்கு இப்ப சொல்லாதை," என்றார்.

இழுவை வண்டி எங்களை அதே ரயர் கடையில் விட்டது. கடைக்காரர் குழாயைப் பார்த்தார். அவர் கேட்குமுன்னே, "முப்பத்தைந்து," என்றார் அத்தான்.

வண்டியைத் தூக்கி முன் இடப்பக்கச் சில்லைக் கழற்றினார்கள். பின்னால், குழாய்க்குக் கீழே இருந்த இரும்புத் தண்டின் மேல் தேசிக்காய் முழுதாக இருந்தது. தண்டும் குழாயும் சுற்றியிருந்த எல்லாமும் அன்றைய சேற்றால் மூடியிருந்தன. தேசிக்காயில் சேறு இல்லை.